வீட்டுக் கோழிகளும் திரியும் நாய்களும்: சிங்கப்பூரில் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. இயோ சூ காங் பக்கம் தரைவீட்டில் குடியிருக்கிறீர்கள். பின்முற்றத்தில் ஆறு கோழி வளர்த்தீர்கள். வேலிக்குப் பின்னால் புதர்க்காடு, அதை ஒட்டிப் பெரிய கால்வாய். யாருடையது என்று தெரியாத இரண்டு நாய்கள் சில மாதங்களாக அங்கே நடமாடுகின்றன. போன வாரம் மாலையில் கோழிகள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது உள்ளே புகுந்து இரண்டைக் கொன்றுவிட்டன, மூன்றாவது காயத்தோடு தப்பியது. பக்கத்து வீட்டு அங்கிள் விஷம் வைக்கச் சொல்கிறார். அது குற்றமா, குற்றம் என்றால் இந்த நாய்களை ஒழிக்க வேறு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாயைப் பற்றியதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது மிச்சமிருக்கும் நான்கு கோழிகள் பிழைப்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான வழி பெரும்பாலும் உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கிறது.

நான் விலங்கு மருந்தகத்தில் பல வருடம் உதவியாளராக வேலை பார்த்தவன். நாய் கடித்த கோழி, முயல், பூனை எல்லாவற்றையும் மேசைமேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகும் தொண்டூழியர்களோடும் சேர்ந்து திரிந்தேன். மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. உங்கள் முற்றத்தை நேரில் பார்க்கவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் காயம்பட்ட கோழி. இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே ஒரு மருந்தகத்தைக் கூப்பிடுங்கள். இங்கே எல்லா விலங்கு மருந்தகமும் பறவை பார்ப்பதில்லை, அதனால் கோழியைத் தூக்கிக்கொண்டு கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கடி வெளியே பார்த்தால் சின்னத் துளையாகத் தெரியும். இறகை விலக்கினால் கீழே தோல் தசையிலிருந்து பிரிந்து பை போல ஆகியிருக்கும். முதுகு, தொடை, சிறகின் அடி, இந்த மூன்று இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் கொண்டு நன்றாகக் கழுவலாம். மஞ்சளை அரைத்து அப்ப வேண்டாம். அப்பிவிட்டால் காயத்தின் ஆழம் தெரியாது, மறுபடி கழுவுவதும் சிரமம். நமக்குப் பூசும் களிம்புகளில் மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்தவற்றைத் தொடவே தொடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதனால் கோழியைத் தனியாக, ஈ நுழையாதபடி மெல்லிய வலை போட்ட பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், முட்டை சாப்பிடுவீர்கள் என்பதைச் சொல்லி, எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காயமில்லாத மூன்றும் பயத்தில் சில நாள், சில சமயம் சில வாரம்கூட, முட்டையிடாமல் இருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து விஷம். ஆம், அது குற்றம். விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் முதல் தடவைக்கே 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், விஷம் நீங்கள் நினைத்த நாயோடு நிற்காது. உங்கள் தெருப் பூனை சாப்பிடும், கால்வாயில் இருக்கும் உடும்பு சாப்பிடும், யாரோ ஒருவர் மாலையில் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வரும் வளர்ப்பு நாயும் சாப்பிடும். விஷம் தின்ற நாய் எப்படிச் சாகும் என்பதை மருந்தகத்தில் பார்த்திருக்கிறேன். கோழியை இழந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சாவை எந்த உயிருக்கும் யாரும் கொடுக்கக்கூடாது. அங்கிளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். நீங்களாகப் பொறி வைப்பதும் வேண்டாம். நாய் பிடிக்கும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

சட்டம் என்று வந்ததால் உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில், கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் சொந்தத் தேவைக்குப் பத்து வரை வளர்க்கலாம், ஆனால் காட்டுப் பறவைகள் அண்ட முடியாத அடைப்புக்குள் வைக்க வேண்டும். பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து வந்த விதி இது. முற்றத்தில் திறந்தவெளியில் மேயவிட்டது இந்த விதிக்குப் பொருந்தாது. குறை சொல்ல இதை எழுதவில்லை, தரைவீட்டில் கோழி வளர்க்கும் பலருக்கு இது தெரியாது. காகமும் மைனாவும் நுழையாதபடி மேலும் பக்கமும் மூடிய அடைப்பைக் கட்டினால், அதையே கொஞ்சம் கனமான கம்பியில் கட்டினால், நாய்ப் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

இந்த நாய்கள் பசியால் கொன்றன என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இறகடித்து ஓடும் எதையும் துரத்துவது நாயின் பிறவிக்குணம். ஒன்றைக் கவ்வி உதறிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும், தின்னாமலே போய்விடும். நன்றாகச் சோறு போட்டு வளர்த்த நாயும் இதைச் செய்யும். அந்தக் காலத்துக் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் நாயும் கோழியும் ஒரே முற்றத்தில் இருந்ததே என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த நாய்கள் குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்தவை, அந்த வீட்டுக் கோழியைத் தொட்டால் அடி விழும் என்று தெரிந்தவை. வெளியிலிருந்து வரும் நாய்க்கு உங்கள் கோழி யாரோ. ஒருமுறை ருசி கண்ட இடத்துக்கு அது திரும்ப வரும், அநேகமாக அதே வழியில், அதே நேரத்தில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் இன்றிரவிலிருந்தே கோழிகளைச் சாமான் அறையிலோ, கார் நிறுத்தும் கூரைக்கடியில் பெரிய நாய்க்கூண்டிலோ வைத்துவிடுங்கள். பகலிலும் திறந்துவிட வேண்டாம்.

கூண்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஹார்ட்வேர் கடையில் 'சிக்கன் வயர்' என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையைக் கொடுப்பார்கள். கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் அது உதவும். நடுத்தர அளவு நாய் பல்லால் பிடித்து இழுத்தாலே பிரிந்துவிடும். உங்களுக்கு வேண்டியது கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைத்த, துத்தநாகம் பூசிய சதுரக்கண் வலை. கண் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நாய்க்கு அவ்வளவு சின்னக் கண் தேவையில்லை, ஆனால் பாம்புக்கும் எலிக்கும் தேவை. வலையைச் சட்டத்தோடு சேர்க்க ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள், கேபிள் டையையும் நம்பாதீர்கள். வெயிலில் டை நொறுங்கிவிடும், ஸ்டேப்பிள் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கழன்றுவிடும். திருகாணியும் அகலமான வாஷரும் போட்டு இறுக்குங்கள்.

நாய் மேலே ஏறி வருவதைவிடக் கீழே தோண்டி வருவதுதான் அதிகம். அதற்கு ஆழமாகக் குழி தோண்டி வலையைப் புதைக்க வேண்டியதில்லை. கூண்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு அதே வலையைத் தரையோடு படுக்கவைத்து, ஆணியடித்து, மேலே கல்பலகையோ மண்ணோ போடுங்கள். நாய் சுவரின் அடியில் நின்றுதான் தோண்டும். கால் நகம் கம்பியில் மாட்டினால் வேறிடம் பார்க்கும், இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. சில வாரத்தில் புல் முளைத்து வலையே கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஏற்கெனவே சிமென்ட் தரை இருந்தால் அதன்மேலேயே கூண்டை வைத்துவிடலாம், அப்போது மரத்தூள் தாராளமாகப் போட்டு அடிக்கடி மாற்ற வேண்டும்.

கதவை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நாய் கதவில் உடம்பைச் சாய்த்துத் தள்ளும், மூக்கால் கொண்டியை நெம்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் போட்டு, இரண்டிலும் ஸ்பிரிங் கிளிப் மாட்டுங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே உங்கள் மூன்று விரல் நுழைந்தால் அந்த இடைவெளி அதிகம். கூரைக்குத் தகடு போட்டால் ஒரு பக்கமாவது முழுவதும் வலையாக இருக்கட்டும். பாதுகாப்பு என்று நினைத்து நாலாபக்கமும் பலகை அடித்து, மதிய வெக்கையில் கோழியைச் சாகவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு கோழிக்கு ஒரு சதுர மீட்டராவது நடமாட இடம் கொடுங்கள். இனி அவை முற்றத்தில் மேயப்போவதில்லை என்பதால் இடம் கூடக் கொடுத்தால் இன்னும் நல்லது. உள்ளே இரவில் அடைய உயரமான கட்டை ஒன்றும், மழை ஒழுகாத பெட்டியும் வையுங்கள். மேட்டுப்பாங்கான இடமாகப் பாருங்கள், நவம்பர், டிசம்பர் மழையில் தரை ஊறினால் கோழிக்கு நோய் வரும்.

உங்கள் வீட்டில் கொன்றது நாய்தான் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள், சரி. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நம் தீவில் கோழி செத்தால் உடனே நாய்மேல் பழி போடக்கூடாது. கோழி தடயமே இல்லாமல் காணாமல் போனால் மலைப்பாம்பாக இருக்கலாம். நம் கால்வாய்களில் அது நிறைய உண்டு. விழுங்கிய பின் வந்த வழியில் திரும்பிப் போக முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு. இரவில் வந்து கழுத்திலும் தலையிலும் கடித்திருந்தால் மரநாயைச் சந்தேகிக்கலாம். பகலில் முட்டையும் குஞ்சும் போனால் உடும்பு. பல கோழிகள் அங்கங்கே கிடக்க, முதுகிலும் தொடையிலும் கடி, இறகு சிதறல், தின்னாத உடல், இவையெல்லாம் சேர்ந்தால்தான் நாய் என்று ஓரளவு உறுதியாகச் சொல்வேன். செத்த பிறகு வேறொரு விலங்கு வந்து தின்றிருக்கவும் முடியும், அதனால் உடலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத நாள்களும் உண்டு. மலிவான ஒரு கேமரா இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். காயமே இல்லாமல் பல கோழி ஒரே சமயத்தில் செத்தால் அது வேறு கதை. கையால் தொடாமல் உடனே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

நாய்கள் மறுபடி வந்து நீங்கள் எதிரே நிற்க நேர்ந்தால் ஓடாதீர்கள், கத்திக்கொண்டு கிட்டே போகாதீர்கள், வாயில் இருக்கும் கோழியைக் கையால் பிடுங்காதீர்கள். பானையைத் தட்டிச் சத்தம் எழுப்புங்கள், தோட்டக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வெளியே போக ஒரு வழி திறந்திருக்கட்டும், மூலையில் மாட்டிய நாய்தான் கடிக்கும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1953-இலிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் கடித்த இடம் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

இனி அந்த இரண்டு நாய்கள். அவை உண்மையிலேயே தெருநாய்களா என்று முதலில் பாருங்கள். கழுத்துப்பட்டை, பளபளப்பான ரோமம், தினமும் ஒரே திசையிலிருந்து வருவது, இதெல்லாம் இருந்தால் யாரோ வளர்ப்பவையாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் வேண்டும், நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தியிருக்க வேண்டும், பொது இடத்தில் கயிறு இல்லாமல் விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. உரிமையாளர் தெரிந்தால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், கேமராப் படத்தைக் காட்டுங்கள். பலருக்குத் தங்கள் கேட்டின் அடியில் நாய் நுழைந்து போவதே தெரியாது. பேசிப் பயனில்லை என்றால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. அதற்கும் மேல், அண்டைவீட்டார் தங்கள் விலங்கை உங்கள் வீட்டுக்குள் வரவிடுவதற்காக வழக்குத் தொடர 2015-இன் சட்டப்படி அமைந்த சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றமும் உண்டு. இரண்டு கோழிக்காக அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்றால், போகாமல் முடிவதே நல்லது. அதே தெருவில்தானே இன்னும் பல வருடம் இருக்கப்போகிறீர்கள்!

தெருநாய்கள்தான் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவை, அதாவது ஏவிஎஸ்ஸை, 1800-476-1600 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். எத்தனை நாய், என்ன நிறம், எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து வருகின்றன, குட்டி ஏதும் கூட வருகிறதா என்று குறித்து வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுலபம். 2018 நவம்பரிலிருந்து இங்கே நடப்பது பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடிக் கொடுத்து, முடியாதவற்றைப் பொருத்தமான இடத்தில் விட்டுக் கவனிக்கும் திட்டம். ஐந்து வருடத்தில் தெருநாய்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்வது அதன் தொடக்க இலக்கு. சாதுவான நாய்க்கு வீவக வீடுகளில்கூட அடோர் என்னும் தத்தெடுப்புத் திட்டத்தின் வழியாக இடம் கிடைக்கலாம். இந்தத் திட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. கருத்தடை செய்த நாய் குட்டி போடாது, சண்டையும் சுற்றித் திரிவதும் குறையலாம், ஆனால் கோழியைப் பார்த்தால் துரத்தத்தான் செய்யும். இந்த இரண்டையும் கொண்டுபோய்விட்டாலும், சாப்பாடும் மறைவிடமும் இருக்கிற அந்தப் புதர்க்காட்டுக்கு வேறு நாய்கள் வந்து சேரலாம். கூண்டைத்தான் நம்ப வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அந்தப் பக்கம் நாய்களுக்குச் சோறு வைப்பவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருப்பார், விடியற்காலையிலோ இரவிலோ வருவார். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எது தாய், எது கருத்தடை ஆனது, எது மனிதரிடம் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும், பிடிக்க வருபவர்களுக்கு அவர் உதவி இல்லாமல் முடியாது. சோறு வைக்கும் இடத்தை உங்கள் வேலியிலிருந்து தள்ளி மாற்றவும், மிச்சத்தை எடுத்துவிடவும் கேட்டுக்கொள்ளலாம். நீங்களும் கோழித் தீவனத்தை இரவில் வெளியே விடாதீர்கள். தீவனம் எலியை வரவைக்கும், எலி பாம்பை வரவைக்கும்.

மற்ற வைத்தியங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அசைவு கண்டால் எரியும் விளக்கு முதல் சில நாள் வேலை செய்யும், அப்புறம் நாய் பழகிவிடும். நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி சில நாய்களிடம் பலித்ததாகச் சொல்கிறார்கள், நான் பார்த்தவரை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மிளகாய்த்தூள் ஒரு மழையில் போய்விடும், அதற்குமுன் யார் கண்ணிலாவது பட்டால் பெரிய வேதனை. செத்த கோழியை நாய் கழுத்தில் கட்டும் பழைய வழக்கம் கொடுமை, பயனும் கிடையாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது மனிதரைக் கொல்லும்.

புதுக்கோழி வாங்க அவசரப்பட வேண்டாம். கூண்டு முடிந்து, நாய்கள் வந்து முயன்று பார்த்துத் திரும்பிப் போனதைக் கேமராவில் சில தடவை பார்த்த பிறகு வாங்குங்கள். வந்தவற்றை ஒரு மாதம் தனியாக வைத்து நோயில்லை என்று தெரிந்ததும் பழையவற்றோடு சேர்க்கலாம். சேவல் வேண்டாம். 2017-இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளைச் சத்தத்தைப் பற்றி வந்த புகார்களுக்குப் பிறகு அதிகாரிகள் கொன்றது உங்களுக்கும் நினைவிருக்கும், அண்டைவீட்டாரின் நல்லெண்ணம் உங்கள் கோழிகளுக்கும் தேவை. பின்வேலியின் அடிப்பகுதியையும் இப்போதிருக்கும் கூண்டின் கதவையும் படம் எடுத்துப் போட்டீர்கள் என்றால், எங்கே நுழைந்திருக்கும், முதலில் எதை அடைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.